ஆய்வுக்கூடத் தூது

நோய் தீர்க்கும் கலைக்கு நான்கு உறுப்புகள் உண்டு என்று திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வகுத்துரைத்தார். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என்பவையே அந்நான்கு. இன்றைய மருத்துவத்தை நோக்குவோர் அவற்றோடு ஐந்தாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டியவராவர். அது ஆய்வுக்கூடம். நீரிழிவா, இரத்தசோகையா, சிறுநீரகக் கோளாறா, டெங்குக் காய்ச்சலா என்று ஐயுறும் மருத்துவர், தம் கண்ணையும் கையையும் மட்டும் நம்பி முடிவு கூறுவதில்லை. சில துளி இரத்தத்தை எடுத்து அனுப்புகிறார். அதன் விடைக்காகக் காத்திருக்கிறார்.

ஆனால் ஆய்வுக்கூடமும் மருத்துவரின் அறையும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பெரிய மருத்துவமனையில் அவை வெவ்வேறு மாடிகளில் இருக்கும். ஊர்ப்புறத்துக் கிளினிக்குக்கோ ஆய்வுக்கூடம் பல கல் தொலைவில் இருக்கும். ஆகவே இரண்டிற்கும் இடையே ஒரு தூது தேவைப்பட்டது. வள்ளுவர் பொருட்பாலில் தூது என்றொரு அதிகாரத்தையும் வைத்தார். சொல்லியதைச் சொல்லியவாறே, சோர்வின்றி, உரிய இடத்தில் சேர்ப்பதே தூதின் இலக்கணம் என்பது அவ்வதிகாரத்தின் கருத்து. வேந்தரிடையே தூது பிழைத்தால் போர் மூளும். மருத்துவத்தில் தூது பிழைத்தால் ஓர் உயிர் போகும்.

அத்தூது தாளில் தொடங்கி மின்வழிக்கு மாறிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இம்மாற்றத்தைக் கம்பியும் கணிப்பொறியும் மட்டும் நிகழ்த்தவில்லை. சொற்களைப் பற்றி மனிதர் செய்துகொண்ட உடன்பாடே நிகழ்த்தியது. மொழியைக் கற்பிப்போரும் கற்போரும் இவ்வரலாற்றை அறிவதில் தனிப் பயன் உண்டு.

தாளின் காலம்

மலேரியாவுக்குக் காரணமான ஒட்டுண்ணியைப் பிரெஞ்சு மருத்துவர் லாவெரான் 1880 ஆம் ஆண்டில் நுண்ணோக்கியின் வழியே நோயாளியின் இரத்தத்தில் கண்டார். அதன் பின்னர் காய்ச்சலின் பெயரை ஊகிக்க வேண்டியதில்லை. கண்ணாடித் தகட்டில் பூசிய ஒரு துளி இரத்தமே சான்று கூறும் என்ற நிலை உருவாயிற்று. மலாயாவிலும் அவ்வலை வந்து சேர்ந்தது. 1900 ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நோய்க்கூறு ஆய்வு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. ஹாமில்டன் ரைட் அதன் முதல் இயக்குநராக இருந்தார். மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்ற பெயரில் பின்னர்ப் புகழ்பெற்ற அந்நிலையம், பெரிபெரி, மலேரியா முதலிய கொடுநோய்களை ஆராய்ந்தது. ரப்பர்த் தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் உழைத்தவர்களை அந்நோய்களே மிகுதியாக மாய்த்தன என்பதை நாம் அறிவோம்.

அக்காலத்திலும் அதன் பின்னர் நெடுங்காலமும் ஆய்வுக்கூடத் தூதின் வடிவம் மாறவேயில்லை. மருத்துவர் ஒரு சீட்டில் நோயாளியின் பெயர், வயது, வேண்டிய சோதனை ஆகியவற்றை எழுதுவார். சீட்டும் இரத்தக் குழாயும் ஒன்றாகச் செல்லும். ஆய்வுக்கூட எழுத்தர் அதைப் பதிவேட்டில் ஏற்றி, ஓர் எண் இடுவார். சோதனை முடிந்தபின் விடையை அதே சீட்டிலோ வேறொரு தாளிலோ எழுதுவார்கள். தாள் மருத்துவமனைச் சிப்பந்தியின் கையிலோ அஞ்சற்பையிலோ திரும்பும். அவசரமென்றால் தொலைபேசி ஒலிக்கும். மறுமுனையில் இருப்பவர் கேட்டதை எழுதிக்கொள்வார்.

எளிய முறைதான். ஆயினும் அதன் ஒவ்வொரு படியிலும் பிழைக்கு இடமுண்டு. ஒரே விடை பதிவேட்டிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து நோயாளியின் கோப்புக்கும் படியெடுக்கப்படும்போது புள்ளி ஒன்று இடம் மாறினால், 5.5 என்பது 55 ஆகிவிடும். தொலைபேசியில் கேட்ட எண் தவறாக எழுதப்படலாம். பெயர்க் குழப்பமோ இவற்றினும் பெரிது. நம் சமுதாயத்தில் முருகன் என்றும் லட்சுமி என்றும் எத்தனை பேர் என்பதை ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தந்தை பெயரைச் சேர்த்து எழுதினாலும், அப்பெயரை ஓர் எழுத்தர் ஒருவிதமாகவும் மற்றோர் எழுத்தர் வேறுவிதமாகவும் ரோமன் எழுத்தில் எழுதுவர். ஒருவருடைய விடை மற்றொருவருடைய கோப்பில் போய் அமர்வதற்கு அதுவே போதும்.

கருவியின் வரவு

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், சோதனைகளின் எண்ணிக்கை பெருகியது. அவற்றைச் செய்யக் கைகள் போதவில்லை. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பணியாற்றிய லெனார்டு ஸ்கெக்ஸ் என்னும் உயிர்வேதியியலார் இதற்கு ஒரு வழி கண்டார். மாதிரிகளை ஒவ்வொரு குழாயாகக் கையாளாமல், மெல்லிய குழாய் ஒன்றின் வழியே ஒன்றன்பின் ஒன்றாக ஓடச்செய்து, இடையிடையே காற்றுக் குமிழிகளால் பிரித்து, ஓடும்போதே வேதிப்பொருளைக் கலந்து நிறத்தை அளக்கும் கருவி அது. டெக்னிக்கான் நிறுவனம் அதை ஆட்டோ அனலைசர் என்ற பெயரில் 1957 ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் வழிவந்த கருவிகள் ஒரே மாதிரியில் பன்னிரண்டு சோதனைகளை ஒருங்கே செய்தன.

ஊற்றாக இருந்தது இப்போது வெள்ளமாயிற்று. எண்களை எழுதி மாளவில்லை. ஆகவே 1960களிலும் 1970களிலும் ஆய்வுக்கூடமே மருத்துவமனையின் பிற பிரிவுகளுக்கு முன்பாகக் கணிப்பொறியை வரவேற்றது. பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஆக்டோ பார்னெட் தலைமையில் இயங்கிய குழு, மருத்துவப் பதிவுகளுக்கென்றே மம்ப்ஸ் என்னும் கணிப்பொறி மொழியை 1960களின் பிற்பகுதியில் உருவாக்கியது. பிற்காலத்து ஆய்வுக்கூட மென்பொருள்கள் பல அம்மொழியில் எழுந்தவை.

ஆயினும் ஒரு விந்தை நிகழ்ந்தது. ஆய்வுக்கூடத்துக் கணிப்பொறி விடையைத் தாளில் அச்சிட்டது. தாள் உறையில் இடப்பட்டு ஊர் கடந்து சென்றது. 1980களில் மருத்துவர்களின் அறைகளிலும் கணிப்பொறிகள் நுழைந்த பின்னர், அங்கிருந்த பணியாளர் அத்தாளைப் பார்த்து, ஒவ்வோர் எண்ணையும் மீண்டும் தட்டச்சு செய்தார். இரு கணிப்பொறிகளுக்கு இடையே ஒரு மனிதர் படியெடுக்கும் எழுத்தராக நின்றார். கம்பி இல்லாமையால் அன்று. தொலைபேசிக் கம்பி எங்கும் இருந்தது. இரண்டு பொறிகளுக்கும் பொதுவான மொழி இல்லாமையே காரணம்.

பொதுமொழியைத் தேடியவர்கள்

அப்பொதுமொழியைத் தேடியவர்களுள் முதன்மையானவர் கிளெமென்ட் மெக்டொனால்டு என்னும் மருத்துவர். இண்டியானாபொலிஸ் நகரின் ரீகன்ஸ்ட்ரீஃப் நிலையத்தில் 1972 ஆம் ஆண்டில் அவர் கணிப்பொறி மருத்துவப் பதிவு ஒன்றைத் தொடங்கினார். 1976 இல் அவர் வெளியிட்ட ஆய்வு மருத்துவ உலகைச் சிந்திக்க வைத்தது. நோயாளியின் பதிவைக் கணிப்பொறி படித்து, இன்ன சோதனை செய்க, இன்ன மருந்தை மாற்றுக என நினைவூட்டியபோது, கவனிக்க வேண்டியவற்றுள் 51 விழுக்காட்டிற்கு மருத்துவர்கள் செயற்பட்டனர்; நினைவூட்டல் இல்லாதபோது 22 விழுக்காட்டிற்கு மட்டுமே செயற்பட்டனர். மருத்துவர்கள் அறியாதவர்கள் அல்லர். ஒரு மனித மூளை ஒரே நாளில் தாங்கக்கூடிய செய்திக்கு எல்லை உண்டு என்பதே அவர் கண்ட உண்மை.

ஆனால் நினைவூட்ட வேண்டுமானால், பொறிக்கு விடைகள் எண்களாகத் தெரிந்திருக்க வேண்டும். தாளின் படம் அதற்குப் பயன்படாது. ஒவ்வொரு ஆய்வுக்கூடத்திலிருந்தும் விடைகளைத் திரட்ட முயன்ற அவர், இரு தடைகளைக் கண்டார். ஒன்று, செய்தியின் இலக்கணம். மற்றொன்று, செய்தியின் சொற்கள்.

இலக்கணத்துக்கு விடை காண 1980களில் பலர் முயன்றனர். 1987 ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் கூடியோர் எச்.எல். செவன் என்னும் அமைப்பைத் தொடங்கினர். கணிப்பொறித் தொடர்பை ஏழு அடுக்குகளாகப் பகுக்கும் பன்னாட்டு மரபில், பயனுக்கு மிக அருகிலுள்ள ஏழாம் அடுக்கைக் குறிப்பதே அப்பெயரில் உள்ள எண். அவர்கள் வகுத்த செய்தி மிக எளிய அமைப்புடையது. முதல் வரி, யார் யாருக்கு எப்போது அனுப்பினார் என்று கூறும். அடுத்த வரி, நோயாளி யார் என்று கூறும். அதற்கடுத்த வரி, எந்தச் சோதனை கேட்கப்பட்டது என்று கூறும். பின்வரும் ஒவ்வொரு வரியும் ஒரு விடையைத் தரும்: சோதனையின் பெயர், எண், அலகு, இயல்பான எல்லை, இது முதல் விடையா முடிந்த விடையா திருத்திய விடையா என்னும் நிலை. வரிக்குள் ஒவ்வொரு செய்தியையும் நெட்டுக்கோடு ஒன்று பிரிக்கும். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் ஆகியவற்றிற்கு இடம் வகுத்த இலக்கண நூல் போன்றதே இவ்வமைப்பு எனலாம்.

இலக்கணம் மட்டும் இருந்தால் மொழி ஆகிவிடாது; சொற்களும் வேண்டும். இரத்தத்தில் உள்ள சர்க்கரையை ஓர் ஆய்வுக்கூடம் குளுக்கோஸ் என்றது. மற்றொன்று இரத்தச் சர்க்கரை என்றது. வேறொன்று தன் பதிவேட்டு எண்ணை மட்டுமே இட்டது. சிறுநீரில் அளந்த குளுக்கோசையும் இரத்தத்தில் அளந்ததையும் ஒரே பெயரால் குறித்த இடங்களும் இருந்தன. அலகிலும் ஒற்றுமையில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 5.5 மில்லிமோல் என எழுதப்படும் அளவையே, அமெரிக்காவிலும் இந்தியாவிலும் ஏறத்தாழ 99 மில்லிகிராம் என எழுதுவர். அலகு இன்றி எண் மட்டும் வந்து சேர்ந்தால், உடல்நலம் உடையவரும் சாவின் வாயிலில் நிற்பவராகத் தோன்றுவார்.

1994 இல் மெக்டொனால்டும் அவர்தம் தோழர்களும் லாயின்க் என்னும் பெயர்த்தொகுதியைத் தொடங்கினர். ஒவ்வொரு சோதனையையும் ஆறு கூறுகளால் அடையாளம் காண்பது அதன் முறை: அளக்கப்படும் பொருள் எது, அதன் எந்தப் பண்பு, எந்தக் காலத்தில், உடலின் எந்த மாதிரியில், எத்தகைய அளவுகோலில், எம்முறையால் என்பனவே அவை. இவ்வாறு வரையறுத்த ஒவ்வொன்றிற்கும் தனி எண் ஒன்று வழங்கப்பட்டது. இன்று அத்தொகுதியில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. நம் முன்னோர் திவாகரம், பிங்கலந்தை முதலிய நிகண்டுகளில் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுத்து வைத்தனர். இந்நிகண்டோ பல பெயர்களையும் ஓர் எண்ணில் கொண்டுவந்து நிறுத்தியது. கவிஞனுக்குப் பல சொல் வளம். பொறிக்கோ ஒரு சொல்லே காப்பு.

டென்மார்க் காட்டிய வழி

நூல்கள் எழுதப்படுவது வேறு. நாடு முழுவதும் அவற்றைப் பின்பற்றுவது வேறு. இரண்டாவதை முதலில் நிறைவேற்றிய நாடுகளுள் டென்மார்க் தலைமையானது. அந்நாட்டு மக்கள்தொகை அப்போது ஐம்பது இலட்சத்தைச் சற்றே கடந்திருந்தது.

அந்நாட்டிற்கு மூன்று வாய்ப்புகள் இருந்தன. முதலாவது, 1968 ஆம் ஆண்டு முதல் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க எண் இருந்தது. பிறந்த நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றை முதல் ஆறு இலக்கங்கள் காட்டும். பெயர் ஒத்திருந்தாலும் எண் ஒத்திராது. இரண்டாவது, மக்கள் பெரும்பாலோர் குறிப்பிட்ட ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்திருந்தனர். எனவே விடை எங்கே செல்ல வேண்டும் என்பதில் ஐயமில்லை. மூன்றாவது, அக்குடும்ப மருத்துவர்கள் கணிப்பொறியை விரும்பி ஏற்றவர்கள்.

நாட்டின் நடுவே உள்ள ஃபூன் தீவில் 1990களின் தொடக்கத்தில் மருத்துவமனைகளையும் மருத்துவர்களையும் மருந்தகங்களையும் இணைக்கும் முயற்சி நிகழ்ந்தது. அதன் பயனைக் கண்ட அரசும் மாவட்டங்களும் பிற அமைப்புகளும் 1994 இல் மெட்காம் என்னும் பொது நிறுவனத்தை ஓடென்சே நகரில் அமைத்தன. அவர்கள் புதிய மொழியைப் படைக்கவில்லை. வணிகத் தாள்களை மின்வழியே பரிமாறுவதற்காக ஐக்கிய நாடுகளின் ஆதரவில் உருவாகியிருந்த எடிஃபாக்ட் மரபை எடுத்துக்கொண்டனர். சிங்கப்பூரின் துறைமுக வணிகத்தில் 1989 இல் தொடங்கிய டிரேட்நெட் அமைப்பும் தாளுக்கு மாற்றாக மின்வழிச் செய்தியைப் பயன்படுத்தும் இதே சிந்தனையின் பயனே. சரக்குப் பட்டியலை ஏற்றிச்சென்ற மரபு, அங்கே இரத்தச் சோதனையின் விடையை ஏற்றிச்சென்றது.

மெட்காம் பின்பற்றிய நெறி கவனிக்கத்தக்கது. எல்லா மருத்துவப் பதிவுகளையும் ஒரே பெரும் களஞ்சியத்தில் கொட்ட அவர்கள் முற்படவில்லை. அன்றாடம் மிகுதியாக ஓடும் தாள்கள் எவை என்று பார்த்தனர்: மருந்துச் சீட்டு, ஆய்வு முடிவு, மருத்துவமனையிலிருந்து விடுவிக்கும் கடிதம், சிறப்பு மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதம். அத்தாள் ஒவ்வொன்றையும் மின் செய்தியாக மாற்றினர். ஒவ்வொரு கிளினிக்குக்கும் மின் அஞ்சற்பெட்டி ஒன்று இருந்தது. ஆய்வுக்கூடம் அதில் விடையை இட்டது. மருத்துவரின் மென்பொருள் அதை எடுத்து, உரிய நோயாளியின் பதிவில் சேர்த்தது. மருத்துவர் தாம் பழகிய திரையை விட்டு வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை.

எனினும் தொடக்கத்தில் ஒரு முட்டுக்கட்டை எழுந்தது. ஒரே தரத்தை ஏற்ற மென்பொருள் நிறுவனங்கள், அதைத் தத்தம் விருப்பப்படி விளங்கிக்கொண்டன. ஒரு மொழிக்குப் பல வட்டார வழக்குகள் தோன்றுவதுபோல் ஒரு தரத்துக்குப் பல வழக்குகள் தோன்றின. அதைக் கண்ட மெட்காம், ஒவ்வொரு செய்திவகைக்கும் "நல்ல விடுவிப்புக் கடிதம்" என்பது போன்ற தலைப்புகளில் ஐயத்துக்கு இடமில்லாத கையேடுகளை வெளியிட்டது. மென்பொருள்களைச் சோதித்துச் சான்று வழங்கியது. சோதனைகளின் பெயர்களுக்கு, பன்னாட்டு வேதியியல் அமைப்புகள் வளர்த்த என்.பி.யு. என்னும் பெயர்த்தொகுதி அங்கே வழங்கியது. டேனிஷ் அறிஞர் ரெனே டிப்கேயர் 1967 இல் மற்றோர் அறிஞருடன் வெளியிட்ட அளவு, அலகு பற்றிய நூல் அதற்கு வித்திட்டது. 2000களின் தொடக்கத்திலேயே டென்மார்க்கின் குடும்ப மருத்துவர்களுக்கு ஆய்வு முடிவுகள் ஏறத்தாழ முழுமையும் மின்வழியே சென்றன. 2003 இல் தொடங்கிய பொது வலைத்தளம் வழியே, பின்னர் மக்கள் தம் முடிவுகளைத் தாமே காணவும் வழி பிறந்தது.

பிற நாடுகளும் தத்தம் வழியில் சென்றன. ஜெர்மனியில் எல்.டி.டி. என்னும் முறை வழங்கியது. அதன் விரிவான பெயருக்கு ஆய்வுக்கூடச் செய்தி தாங்கி என்பது பொருள். நெகிழ்வட்டைக் கையில் கொண்டுசென்ற காலத்தின் தழும்பு அப்பெயரில் இன்றும் உள்ளது. இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர் ஜேம்ஸ் ரீட் 1980களில் உருவாக்கிய குறியீடுகள் மருத்துவர்களின் கணிப்பொறிகளில் பரவின. 1998 இல் வெளியான அந்நாட்டுத் திட்டம், ஆய்வு முடிவுகளை மருத்துவர்களுக்கு மின்வழியே சேர்ப்பதை முதன்மை இலக்குகளுள் ஒன்றாக வைத்தது.

கேள்வி ஏன் விடையினும் கடினமாயிற்று

இவ்வரலாற்றைப் படிப்போர்க்கு ஓர் ஐயம் எழக்கூடும். முதலில் மருத்துவர் சோதனையைக் கேட்கிறார்; பின்னரே விடை வருகிறது. அங்ஙனமாயின் மின்வழியில் கேள்வியன்றோ முன்னர்ச் சென்றிருக்க வேண்டும்? ஆனால் பல நாடுகளில் விடையே முதலில் மின்வழிக்கு மாறியது. கேள்விச் சீட்டு நெடுநாள் தாளாகவே நீடித்தது. இதற்குத் தக்க காரணங்கள் உண்டு.

விடை ஓரிடத்திலிருந்து புறப்பட்டுப் பலரைச் சேர்வது. ஆய்வுக்கூடம் ஒருமுறை தன் மென்பொருளைச் சீர்செய்தால் அத்தனை மருத்துவர்களும் பயன்பெறுவர். கேள்வியோ பலரிடமிருந்து புறப்படுவது. எந்த ஆய்வுக்கூடம் எந்தச் சோதனையைச் செய்யும், எந்த நிற மூடியுள்ள குழாய் வேண்டும், உணவு உண்ணாதிருக்க வேண்டுமா, மாதிரியைக் குளிரில் வைக்க வேண்டுமா என்பவற்றை ஒவ்வொரு கிளினிக்கின் கணிப்பொறியும் அறிந்திருக்க வேண்டும். ஆய்வுக்கூடம் தன் பட்டியலை மாற்றும்போதெல்லாம் அவையும் மாற வேண்டும்.

இன்னொரு காரணம் இதனினும் ஆழமானது. கேள்வி கம்பி வழியே நொடியில் செல்லும். இரத்தமோ வண்டியில் சாலை வழியே செல்லும். வெவ்வேறு வழிகளில் வெவ்வேறு விரைவில் செல்லும் இரண்டும், ஆய்வுக்கூட வாயிலில் பிழையின்றிச் சந்திக்க வேண்டும். அதற்காகவே கிளினிக்கில் பட்டைக்குறி அச்சிட்டுக் குழாயில் ஒட்டும் வழக்கம் வந்தது. அச்சீட்டை நோயாளியின் முன்னிலையில், அவர் பெயரைக் கேட்டு, அப்பொழுதே ஒட்ட வேண்டும். பத்துக் குழாய்களை முன்கூட்டியே ஒட்டி வைத்துவிட்டு, பின்னர் இரத்தம் எடுத்தால், அவற்றுள் ஒன்று மாறும். பொறி அத்தவற்றை ஒளிவேகத்தில் உரிய இடத்துக்குச் சேர்ப்பிக்கும், திருத்தாது.

விடையிலும் நுட்பம் உண்டு. சில விடைகள் படிப்படியாக வரும். நுண்ணுயிர் வளர்ப்புச் சோதனைக்குச் சில நாள் ஆகும். வெளிவந்த விடை தவறென்று பின்னர் அறியப்பட்டால், திருத்திய விடை செல்லும். அது பழையதை நீக்கி அவ்விடத்தில் அமர வேண்டும். அதே வேளையில், பழைய விடையை நம்பி மருந்து கொடுத்த மருத்துவருக்கு அது மாறியது தெரியவும் வேண்டும். தாள் மேசைமேல் கிடந்தால் கண்ணில் படும். திரைக்குள் வந்த விடை, திறவாத பெட்டியில் நாட்கணக்கில் உறங்கவும் கூடும். சேர்ந்தது என்பதற்குப் பொறி சான்று தரும். படிக்கப்பட்டது என்பதற்கு மனிதரே பொறுப்பேற்க வேண்டும்.

தூது பிழைத்த ஒரு வாரம்

இவையெல்லாம் நூலறிவு மட்டுமன்று என்பதை 2020 ஆம் ஆண்டு உலகுக்கு உணர்த்தியது. கோவிட் பெருந்தொற்று இங்கிலாந்தில் மீண்டும் பரவிய வேளையில், ஆய்வுக்கூடங்கள் தம் முடிவுகளை அந்நாட்டுப் பொதுச் சுகாதார அமைப்புக்குக் கோப்புகளாக அனுப்பின. அங்கே அவை எக்செல் என்னும் அட்டவணை மென்பொருளின் பழைய கோப்பு வடிவத்தில் ஏற்றப்பட்டன. அவ்வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காது. நோய் பெருகியது, வரிகள் பெருகின, எல்லையைக் கடந்த வரிகள் ஓசையின்றி உதிர்ந்தன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான நாள்களுக்குரிய 15,841 தொற்றாளர்களின் பதிவுகள் இவ்வாறு விடுபட்டன.

அவர்களுக்குத் தத்தம் சோதனை முடிவு தெரிவிக்கப்பட்டது என்பது உண்மை. ஆனால் அவர்களோடு நெருங்கிப் பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணிக்கு அப்பெயர்கள் உரிய காலத்தில் சென்று சேரவில்லை. பரிசோதனை நன்கு நடந்தது, கருவிகள் பழுதின்றி இயங்கின, விடைகளும் சரியே. இடையில் நின்ற தூது மட்டுமே பிழைத்தது. இலக்கணமும் எல்லையும் வகுக்காத இடத்தில், கைக்குக் கிடைத்த கருவியை வைத்துச் செய்த ஒட்டுவேலை இத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நம் நாடுகளில்

மலேசியா 1990களின் பிற்பகுதியில் பல்லூடகப் பெருவழித் திட்டத்தின் ஒரு கூறாகத் தொலைமருத்துவத்தை வைத்தது. 1997 இல் அதற்கெனச் சட்டம் இயற்றியது. 1999 இல் திறக்கப்பட்ட செலாயாங் மருத்துவமனை, ஆய்வுக்கூடம் உட்பட எல்லாப் பிரிவுகளையும் கணிப்பொறியால் இணைத்துத் தாளில்லா மருத்துவமனை என்று பெயர்பெற்றது. சிங்கப்பூர் 2011 இல் தேசிய மின் மருத்துவப் பதிவேட்டைத் தொடங்கியது. ஒருவர் ஓரிடத்தில் செய்த சோதனையின் முடிவை, வேறிடத்தில் அவருக்கு மருத்துவம் செய்பவரும் காணல் வேண்டும் என்பது அதன் நோக்கம். ஒரே சோதனைக்காக மீண்டும் மீண்டும் ஊசி குத்தப்படும் முதியோருக்கு அதன் அருமை தெரியும்.

ஆயினும், செய்தி எளிதில் செல்லும் வழி, திருடனுக்கும் வழியாகக் கூடும். 2018 ஆம் ஆண்டு ஜூன் இறுதியிலும் ஜூலைத் தொடக்கத்திலும் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் கணிப்பொறிகளில் ஊடுருவியோர், ஏறத்தாழ 15 இலட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள எண், முகவரி முதலியவற்றைக் கவர்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 1,60,000 பேருக்கு வழங்கிய மருந்துகளின் விவரமும் களவு போயிற்று. நோய்க்கணிப்பும் ஆய்வு முடிவுகளும் கவரப்படவில்லை என்று அரசு அறிவித்தது. ஒருவருடைய இரத்தம் கூறும் மறை, அவர் குடும்பத்தாரும் அறியாத மறையாக இருக்கலாம். சொல்லத்தகாதாரிடம் வாய்திறவாமையும் தூதனுக்குரிய பண்பே. அஃது இல்லையேல் நோயாளி உண்மையைச் சொல்லத் தயங்குவார். சோதனைக்கே வராமலும் போவார்.

2011 முதல் ஆஸ்திரேலியரான கிரகாம் கிரீவ் முன்மொழிந்து எச்.எல். செவன் அமைப்பு வளர்த்துவரும் ஃபயர் என்னும் புதிய தரம், இணையத்தின் வழக்கமான முறைகளைக் கொண்டே மருத்துவச் செய்தியைக் கேட்கவும் பெறவும் வழிசெய்கிறது. வடிவம் புதிது. ஆனால் அதிலும் சோதனையின் பெயர், மாதிரி, அலகு, நோயாளியின் அடையாளம் ஆகியவற்றை ஒருமுகமாகக் குறிக்க வேண்டும் என்னும் பழைய தேவை அப்படியே நிற்கிறது.

முடிவாக

கோலாலம்பூரில் 1900 இல் எழுந்த ஆய்வு நிலையத்திலிருந்து கைப்பேசித் திரையில் முடிவைக் காணும் இந்நாள்வரை, நூற்றாண்டுக்கு மேற்பட்ட வளர்ச்சியைக் கண்டோம். அவ்வளர்ச்சியில் கருவி செய்தோரின் பங்கு பெரிது. எனினும், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று உட்கார்ந்து பேசி, விட்டுக்கொடுத்து, எழுதிவைத்து, அதையே எல்லோரும் பின்பற்றச் செய்தோரின் பங்கு அதனினும் பெரிது. பெயர்களைத் தொகுத்த மருத்துவரும், கையேடு எழுதிய அலுவலரும், மென்பொருளைச் சோதித்தவரும் புகழ்பெற்ற கண்டுபிடிப்பாளர் வரிசையில் இடம்பெறவில்லை. ஆனால் அவர்களால் காக்கப்பட்ட உயிர்கள் பல.

தமிழாசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் ஒரு பணி காத்திருக்கிறது. எண்கள் பிழையின்றிக் கிளினிக்கைச் சேர்ந்தாலும், அவற்றின் பொருள் நோயாளியின் உள்ளத்தைச் சேர்ந்தாலன்றித் தூது முற்றுப்பெறாது. திரையில் தோன்றும் முடிவை மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்க இயலாத பாட்டிமாரும் தாத்தாமாரும் நம் இல்லங்களில் இன்னும் உள்ளனர். அவர்களுக்கு அதைப் படித்துச் சொல்பவர் பெரும்பாலும் பள்ளி செல்லும் பேரப்பிள்ளையே. சிறுநீரகம், கொழுப்பு, இரத்தசோகை, இயல்பான எல்லை என்னும் சொற்களை அப்பிள்ளை தமிழில் தெளிவாக அறிந்திருந்தால், இறுதி அடி பிழையாது. ஒரு சோதனைக்கு ஒரு பெயர் வேண்டுமென்று உலகம் உழைத்ததைப் போல், அச்சோதனையின் பொருளை விளக்கும் தமிழ்ச் சொல்லும் ஐயமின்றி வழங்க வேண்டும். அச்சொற்களைத் தேர்ந்து, வகுப்பறையில் வழக்குக்குக் கொண்டுவருவது நம் கடமையாகும்.